ஏசி போட்டா அனல் அடிக்குதா?

மதுரை வெயில்ல கார் ஏசி அனலா ஊதினா, "கேஸ் தீந்துருச்சு"ன்னு உடனே சொல்லிருவாய்ங்க. அவசரப்படாதீங்க மக்களே. வண்டியை நிறுத்தி, இன்ஜினும் ஏசியும் ஓடும்போது பானட்டைத் திறந்து, ஏசியோட தடிச்ச குழாயைத் தொடுங்க (ஃபேன், பெல்ட் பக்கம் கை போகக்கூடாது). சில்லுன்னு வேர்த்திருந்தா கம்ப்ரஸர் வேலை செய்யுது. கோளாறு அனேகமா டேஷ்போர்டுக்குள்ள. ஹீட்டரோட சூட்டுக் காத்தையும் ஏசியோட குளிர்காத்தையும் கலக்குற சின்னக் கதவு ஒண்ணு அங்க இருக்கு. குமிழைத் திருப்பினா அதை இழுக்குற கேபிள் கழன்றிருக்கலாம். கேபிளுக்குப் பதிலா சின்ன மோட்டார் அந்தக் கதவைத் திருப்புற வண்டின்னா, பல்சக்கரம் தேஞ்சு டக் டக்னு சத்தம் கேக்கும்.

எங்களுக்கு கேபிள்தான். மாட்டுத்தாவணிப் பக்கம் மெக்கானிக் அண்ணன் கிளிப்பை மாட்டிவிட்டாரு, முடிஞ்சது.

ஃபேன் கடைசி ஸ்பீடுல மட்டும் ஓடுதா? பெரும்பாலும் ஃபேன் வேகத்தைக் குறைக்குற ரெசிஸ்டர்ங்குற பாகம் போயிருக்கும்.

மதுரைக்காரனுக்கு ஹீட்டர் எதுக்குன்னு கேக்குறவங்க, மார்கழியில கொடைக்கானல் ஏறிப் பாருங்க.