பென்குயினுக்குப் பட்டா உண்டா?

சனிக்கிழமை அப்பா, அம்மாவைக் கூட்டிக்கொண்டு பிலிப் தீவுக்குப் போய் வந்தோம். போனது பென்குயின் பார்க்க. ஆனால் அன்று முழுக்க நாங்கள் பேசியது நில ஆர்ஜிதம்.

அப்பாவைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சர்வேயர் வேலையிலிருந்து ரிட்டயர் ஆகி இத்தனை வருடமாகியும், நிலம் என்றால் அவருக்கு நான்கு கல், நடுவில் ஒரு தகராறு, அவ்வளவுதான். தாஜ்மகாலைப் பார்த்துவிட்டு வந்து, "மேற்கால கொஞ்சம் இழுத்திருக்கான்" என்று சொன்ன மனிதர். மெல்பர்னில் வந்து இறங்கிய மறுநாள் காலையிலேயே எங்கள் பின்வேலியை அடி வைத்து அளந்து, பக்கத்து வீட்டுக் கிரேக்கப் பாட்டி ஒரு சாண் உள்ளே வந்திருக்கிறார் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பாட்டி பாவம், வாரா வாரம் ஒரு பை எலுமிச்சம்பழம் கொடுக்கிறார். "வாயை அடைக்கிறதுக்குத்தான் கொடுக்கறா" என்கிறார் அப்பா. அந்தப் பழத்தில் போட்ட ஊறுகாயைத் தொட்டுக்கொண்டேதான் சொல்கிறார்.

மெல்பர்னிலிருந்து தீவுக்கு 140 கிலோமீட்டர். இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். அம்மா கட்டிய சாப்பாட்டைப் பார்த்தால் அண்டார்டிகாவுக்கு நடந்தே போகிறோம் என்று நினைப்பீர்கள். புளியோதரை, தயிர்சாதம், வடகம், வடகம் நமுத்துப் போனால் இருக்கட்டும் என்று இன்னொரு டப்பாவில் வடகம். மங்கி கேப் எல்லோருக்கும். இவர் தலைக்குப் பொருந்தவில்லை என்றதற்கு, "மாப்பிள்ளை தலை அப்படி" என்று மட்டும் சொன்னார்.

சான் ரெமோ தாண்டிப் பாலத்தில் ஏறியதும் அப்பா ஆரம்பித்தார்.

"தீவுன்னு சொன்னே?"

"தீவுதான்ப்பா."

"பாலம் இருக்கு?"

"ராமேஸ்வரத்துக்கும்தான் பாலம் இருக்கு."

"அதுக்காக ராமேஸ்வரத்துல இப்படியா குளுருது?"

இந்த வாதத்தில் நான் எந்த இடத்தில் தோற்றேன் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் கோவாலா. மரங்களின் கிளை உயரத்துக்குப் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். நாம் நடந்து போகலாம், அவை தூங்கும். ஒரு நாளைக்கு 20 மணி நேரம் வரை தூங்குமாம். யூகலிப்டஸ் இலையில் சத்து கிடையாது, அதைச் செரிக்கவே இருக்கிற தெம்பெல்லாம் போய்விடும் என்று பையன் விளக்கினான். இந்த வருடம் பள்ளிக்கூடத்தில் இதுதான் அவனுக்கு ப்ராஜெக்ட். நாங்கள் எல்லோருமே செய்தோம்.

"யூகலிப்டஸ்னா தைல மரம்தானே? வயித்துக்குள்ள தைலம் போனா தூங்காம என்ன செய்யும்" என்றார் அம்மா. ப்ராஜெக்டில் இதைச் சேர்த்திருக்கலாம்.

ஒரே ஒரு கோவாலா கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்த்தது. அப்பா அப்போது டிக்கெட் விலையை ஐம்பத்தைந்தால் பெருக்கிக்கொண்டிருந்தார். அது திரும்பக் கண்ணை மூடிக்கொண்டது.

அங்கிருந்து நாபிஸ். தீவின் மேற்கு முனை, கீழே பாஸ் நீரிணை. பச்சைச் சரிவும் கருப்புப் பாறையும் வெள்ளை அலையுமாக, யாரையும் வாயடைக்க வைக்கிற இடம். எங்கள் வீட்டு ஆட்களைத் தவிர. காற்று எப்படி என்றால், வடகத்தைத் திறந்தோம், மூடும்போது டப்பா மட்டும் இருந்தது. இரண்டாவது டப்பா எவ்வளவு தீர்க்கதரிசனம் என்று அம்மா எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். கடலுக்குள் தள்ளி இருக்கிற பாறைகளில் ஆயிரக்கணக்கில் ஃபர் சீல்கள் உண்டு. வெறும் கண்ணுக்குத் தெரியாது. தொலைநோக்கி வழியாகப் பார்த்த இவர், "அசையுது, அசையுது" என்றார். அசைந்தது சீலா, தொலைநோக்கியா என்று நான் கேட்கவில்லை.

அப்பா கடலையே பார்க்கவில்லை. பலகைப் பாதைக்குக் கீழே புல்லில் சின்னச் சின்ன மரப்பெட்டிகள் வைத்திருந்ததைப் பார்த்துவிட்டார்.

"என்னது அது?"

"பென்குயினுக்கு வீடு, தாத்தா. அதுல முட்டையிடும்" என்றான் பையன்.

"யார் கட்டிக் கொடுத்தது?"

"மனுஷங்கதான்."

அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, நன்றாக நிதானமாகப் பார்த்தார். "தொகுப்பு வீடு" என்றார். "நம்ம ஊர்ல கட்டினதைவிட நல்லா நிக்குது."

இதோடு விட்டிருக்கும். பென்குயின் வரும் சம்மர்லேண்ட் கடற்கரைக்குப் போனபோது விதி வேறு விதமாக இருந்தது. இங்கே அக்டோபரில் ஏழே முக்கால் வரை வெளிச்சம் இருக்கும். இருட்டினால்தான் பென்குயின் கரையேறும். ஆக, நிறைய நேரம் இருந்தது. நேரம் இருந்தால் பையன் பேசுவான். பேசியவன் சும்மா இல்லாமல், "தாத்தா, இங்க முன்னாடி ஒரு ஊரே இருந்துச்சு" என்று சொல்லிவிட்டான்.

இருந்ததுதான். மனை போட்டு, தெரு போட்டு, வீடு கட்டி, கார், நாய், பூனை எல்லாம் வைத்துக்கொண்டு மனிதர்கள் குடியிருந்த இடம். பென்குயின் வளை தோண்டுகிற மண்ணும் அதேதான். காரில் அடிபட்டும், நாயும் நரியும் பிடித்தும், தீவில் பல இடங்களில் இருந்த கூட்டங்கள் அழிந்துபோய், கடைசியில் இந்தப் பக்கம் மட்டும் மிஞ்சியது. 1985இல் விக்டோரியா மாநில அரசு ஒரு முடிவெடுத்தது. இந்த முனையில் உள்ள எல்லா மனைகளையும் விலை கொடுத்து வாங்குவது, வீடுகளை எடுத்துவிட்டு நிலத்தைப் பென்குயினிடமே திருப்பிக் கொடுப்பது. 2010இல் வேலை முடிந்தது. இப்போது நாம் நிற்கிற இடத்தில் ஒரு காலத்தில் யாரோ துணி உலர்த்தியிருப்பார்கள்.

அப்பா முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கும்பகோணத்தில் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போன இடத்தில் பழைய பள்ளித் தோழரைக் கண்டபோதுகூட இந்த மலர்ச்சி இல்லை.

"ஆர்ஜிதமா, தனியார் பேச்சுவார்த்தையா?"

"தெரியலப்பா."

"நஷ்டஈடு கைடுலைன் வேல்யூவா, மார்க்கெட் ரேட்டா?"

"அப்பா, பென்குயின் வருமான்னு கேளுங்க."

"அது எங்க போகப் போகுது, அதான் இடம் கொடுத்தாச்சே" என்றவர், அங்கே நின்றுகொண்டிருந்த ரேஞ்சர் பெண்ணிடம் நேராகப் போய்விட்டார். இருபத்திரண்டு வயதிருக்கும். சிரித்த முகம். பென்குயின் என்ன சாப்பிடும் என்று கேட்பார் என எதிர்பார்த்திருப்பார், பாவம். நான் மொழிபெயர்ப்பாளர்.

வில்லங்கம் எப்படித் தீர்த்தார்கள் என்பதை நான் எப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். யாராவது கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கினார்களா என்பதை விட்டுவிட்டேன். அப்பாவும் விடவில்லை, "ஸ்டே, ஸ்டே" என்று அவரே சொன்னார். அந்தப் பெண், எங்கேயாவது தங்க இடம் கேட்கிறார் போல என்று நினைத்து, தீவில் நல்ல கேரவன் பார்க்குகள் இருக்கின்றன என்று அன்பாகச் சொன்னார். எல்லாம் முடிய இருபத்தைந்து வருடம் ஆனது என்பது மட்டும் அப்பாவுக்குப் புரிந்தது. அதில் அவருக்கு அப்படியொரு திருப்தி.

"பார்த்தியா, கவர்மென்ட்னா எல்லா ஊர்லயும் கவர்மென்ட்தான்."

நரி விஷயமும் அப்படித்தான். வேட்டைக்கென்று வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட பிராணி, தீவு முழுக்கப் பரவி, பல வருடம் துரத்திப் பிடித்து, 2017இல்தான் இங்கே நரி இல்லை என்று அறிவித்தார்கள். "ஆக்கிரமிப்பு அகற்றம்" என்று அப்பா தலையை ஆட்டினார்.

படிக்கட்டு மாதிரியான இருக்கைகளில் உட்கார்ந்தோம். பின்னால் சாம்பல் வானம், முன்னால் சாம்பல் கடல், நடுவில் மங்கி கேப்புகள். படம் எடுக்கக் கூடாது என்று ஒலிபெருக்கியில் பல மொழிகளில் சொன்னார்கள். ஃபிளாஷ் வெளிச்சம் பட்டால் பென்குயின் மிரண்டு திரும்பவும் கடலுக்குள் ஓடிவிடும். யார் போனில் ஃபிளாஷ் அணைந்திருக்கிறது என்று இருட்டில் யார் சோதிப்பது, அதனால் போனே வேண்டாம். "தமிழ்ல சொல்லலையே, நமக்குக் கிடையாது" என்று அம்மா சட்ட ஆலோசனை வழங்கினார். அப்பா போனை உள்ளே வைத்துவிட்டார். அரசு உத்தரவை மீறியதில்லை, சர்வீசில்.

முதலில் ஒரு கருப்புப் புள்ளி. அப்புறம் பத்துப் பன்னிரண்டு. உலகத்திலேயே சின்ன பென்குயின் இனம் இதுதான். 33 சென்டிமீட்டர் உயரம், 1 கிலோ எடை. பகலெல்லாம் கடலில் மீன் பிடித்துவிட்டு, தனியாக ஏறினால் ஆபத்து என்று கும்பல் சேர்த்துக்கொண்டு வருகின்றன. வந்ததும் நடந்துவிடுமா? கல்யாண வீட்டில் முதல் பந்தியில் யார் முதலில் உட்காருவது என்று நிற்கிற சம்பந்தி வீட்டார் மாதிரி ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நிற்கும். ஒன்று அடி எடுத்து வைக்கும். எங்கோ ஒரு கடற்காகம் இறக்கையை விரிக்கும். மொத்தக் கும்பலும் திரும்ப அலைக்குள் விழுந்தடித்து ஓடும். மறுபடி வரும், மறுபடி ஓடும். பையன் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தான். அம்மா, "போடா ராஜா, ஒண்ணும் பண்ணாது, போ" என்று தமிழில் தைரியம் சொன்னார். கடைசியில் ஒன்று துணிந்து நடக்க, மற்றதெல்லாம் வயிற்றைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே ஓடின. எங்கள் காலடிக்குப் பக்கத்தில் புல்வெளிக்குள் புகுந்து, அதது அதன் வளைக்குப் போயிற்று. பெரும்பாலும் பழைய வளையைத் தேடித்தான் போகுமாம்.

"அனுபவ பாத்தியம்" என்று அப்பா மெதுவாகச் சொன்னார். சிரிக்கலாம் என்று திரும்பினேன். அவர் சிரிக்கவில்லை.

"ஏரிக்குள்ள எத்தனை நகருக்குக் கல்லு நட்டிருக்கேன் தெரியுமாம்மா. மேல இருந்து ஆர்டர் வரும், அளந்து கொடுக்கணும். காலையில போனா நாரை வந்து நிக்கும். வேற இடம் இல்லாம அந்தக் கல்லு மேலயே நிக்கும். நாங்க விரட்டிட்டு சங்கிலி போடுவோம்."

எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தது. "கால மேல தூக்கி வச்சுக்குங்க, தரை ஜில்லுன்னு இருக்கு" என்று சொல்லித் தன் சால்வையில் பாதியை அவர் முழங்கால் மேல் போட்டார்.

திரும்பும் வழியில் பரிசுக் கடையில், கம்பளிச் சட்டை போட்ட பொம்மைப் பென்குயின் இருந்தது. 2001இல் கடலில் எண்ணெய் கொட்டி 438 பென்குயின்கள் மாட்டிக்கொண்டபோது, அலகால் கோதி எண்ணெயை விழுங்கிவிடாமல் இருக்க, குளிக்க வைக்கும் வரை இந்தச் சட்டையைத்தான் மாட்டிவிட்டார்கள். உலகம் முழுக்க இருந்து பின்னி அனுப்பியிருக்கிறார்கள். "எனக்கு ஏன் யாரும் சொல்லலை" என்று அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார். அந்தச் சமயத்தில் நானே ஆஸ்திரேலியாவை வரைபடத்தில்தான் பார்த்திருந்தேன். போதிய சட்டைகள் குவிந்துவிட்டதால்தான் பொம்மைக்குப் போடுகிறார்கள் என்று சொல்லியும் பயனில்லை. நூல் வாங்கியாகிவிட்டது. பிரவுன். மிச்சம் விழுந்தால் மாப்பிள்ளைக்கு இன்னொரு கேப்.

வண்டி நிறுத்துமிடத்தில், காரை எடுக்குமுன் அடியில் பென்குயின் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள் என்று அறிவிப்பு. இவருக்கு இடுப்புப் பிடிப்பு, எனக்கு ஜீன்ஸ். அப்பா அந்த முழங்காலை வைத்துக்கொண்டு தரையில் கையூன்றி நான்கு சக்கரத்தையும் பார்த்தார். அதோடு நிற்காமல் பக்கத்து வண்டி, அதற்கடுத்த வண்டி என்று வரிசையாகப் போய்விட்டார். ஒரு குடும்பம் அவரை ஊழியர் என்று நினைத்து நன்றி சொன்னது. அப்பாவும் பெற்றுக்கொண்டார். வீட்டுக்கு வந்து சேர நள்ளிரவு நெருங்கிவிட்டது.

இப்போது பிரச்சினை என்னவென்றால், அப்பாவின் சர்வேயர் நண்பர்கள் வாட்ஸாப் குழு. பென்குயின் பார்த்தேன் என்று போட்டிருக்கிறார். போட்டோ எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்றால் யார் நம்புவார்கள்? ஞாயிறு முழுக்க டைனிங் டேபிளில் யாரையும் உட்கார விடவில்லை. பையனின் ஸ்கேலையும் பென்சிலையும் வாங்கி, சம்மர்லேண்ட் கடற்கரைக்குப் புலப்படம் வரைந்துவிட்டார். வடக்குக் குறி, அளவு, கடல், புல்வெளி எல்லாம் உண்டு. கரையிலிருந்து வளை வரை பென்குயின் நடக்கும் வழிக்குப் புள்ளிக் கோடு போட்டு "நடைபாதை" என்று எழுதியிருக்கிறார். கீழே அவர் கையெழுத்தில்: வகைப்பாடு, சர்க்கார் நிலம். அனுபவம், பென்குயின். ஆக்கிரமிப்பு செய்தவர், மனிதர். அகற்றப்பட்டது.

குழுவில் பதினேழு பேர் கும்பிடு போட்டிருக்கிறார்கள். ஒருவர் மட்டும், கடல் பார்த்த இடமாயிருக்கே சார், பக்கத்தில் சென்ட் என்ன விலை போகிறது என்று கேட்டிருக்கிறார். அப்பா என்னிடம் விசாரிக்கச் சொல்கிறார்.