சத்தமில்லாமல் விலகினால் மட்டும் மன்னிப்பு

மதத்தை விட்டவர் என்றாலே, யாரோ ஒருவர் எழுந்து நின்று 'எனக்கு நம்பிக்கை இல்லை' என்று அறிவிப்பதுதான் நம் நினைவுக்கு வருகிறது. அப்படி அறிவித்துவிட்டுப் போகிறவர்கள் ரொம்பக் குறைவு. பெரும்பாலானவர்கள் எதையும் விடுவதில்லை, மெல்ல நின்றுபோகிறார்கள். தினமும் செய்தது வாரத்துக்கு ஒருமுறை ஆகும், அப்புறம் முக்கியமான நாட்களுக்கு மட்டும், அப்புறம் வீட்டுப் பெரியவர்கள் கூப்பிட்டால் மட்டும். ஒருநாள் பிள்ளை வந்து 'இதெல்லாம் ஏன் செய்யறோம்' என்று கேட்கும், சொல்ல ஒரு பதில் இருக்காது, பதில் இல்லையே என்ற கவலையும் இருக்காது. கடவுள் உண்டா இல்லையா என்று உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவு இல்லை இது, அந்தக் கேள்வியே அவர்களுக்குள் எழுவதில்லை, அவ்வளவுதான்.

இவர்கள் எவ்வளவு பேர் என்பதற்குக் கணக்கும் இருக்கிறது. இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'மதம் இல்லை' என்று எழுதியவர்கள் 2011-ல் சுமார் 25 சதவீதம், 2021-ல் 37 சதவீதம். அமெரிக்காவில் பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி எந்த மதத்தையும் சேராதவர்கள் 2007-ல் 16 சதவீதமாக இருந்து 2023-ல் 28 சதவீதம் ஆகிவிட்டார்கள். ஆனால் அந்த 28 சதவீதத்துக்குள் போய்ப் பார்த்தால், தன்னை நாத்திகர் என்று சொல்லிக்கொண்டவர்கள் ஆறில் ஒருவர் என்ற அளவில்தான் வருகிறது, 17 சதவீதம். கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்குக்காரர்கள் 'குறிப்பாக எதுவும் இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டவர்கள். எதிர்க்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. நானும் அந்தக் கட்டத்து ஆள்தான்.

என்னைப் போன்றவர்களை யாரும் ஒன்றும் சொல்வதில்லை என்பதுதான் நான் இங்கே பேச வந்த விஷயம். வருடக்கணக்காக வழிபாட்டுக்குப் போகாதவரை, சடங்கு நடக்கும்போது பின்வரிசையில் உட்கார்ந்து போனைப் பார்ப்பவரை, எந்தச் சமூகமும் தள்ளி வைப்பதில்லை. 'வேலை ஜாஸ்தி, பாவம்' என்று அவர்களே நமக்குக் காரணம் கண்டுபிடித்துத் தருகிறார்கள். அதே அளவுதான் நம்பிக்கை உள்ள இன்னொருவர் அதை வாய்விட்டுச் சொன்னால் போதும், வீடே தலைகீழாகிறது. தண்டனை நம்பாததற்கு இல்லை, சொன்னதற்கு.

ஜெர்மனியில் இது காகிதத்திலேயே இருக்கிறது. அங்கே தேவாலய உறுப்பினர்கள் தங்கள் வருமான வரியில் 8 அல்லது 9 சதவீதத்தைத் தேவாலய வரியாகக் கூடுதலாகக் கட்டுகிறார்கள், வேண்டாம் என்றால் அரசு அலுவலகத்தில் போய் எழுதிக் கொடுத்து விலக வேண்டும். 2022-ல் மட்டும் கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்படி எழுதிக் கொடுத்தார்கள். முறைப்படி விலகியவருக்கு நற்கருணை, அதாவது வழிபாட்டில் தரும் புனித அப்பம், கிடையாது என்று ஆயர்கள் 2012-ல் உத்தரவு போட்டிருக்கிறார்கள். இருபது வருடமாகத் தேவாலய வாசலை மிதிக்காமல் வரி மட்டும் கட்டிக்கொண்டிருப்பவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. கையெழுத்துப் போட்டவருக்குத்தான் கதவு சாத்தப்படுகிறது.

வெளிப்படையாகச் சொன்னவரைப் பற்றி மற்றவர்கள் பேசுவதைக் கவனித்துக் கேட்டிருக்கிறேன். எந்த மதமாக இருந்தாலும் பேச்சு ஒன்றேதான். யாரோ மனசைக் கலைத்துவிட்டார்கள். சகவாசம் சரியில்லை. ஏதோ பெரிய அடி பட்டிருக்கிறது, அந்தக் கோபம். கட்டுப்பாடில்லாமல் வாழ ஆசை, அதற்குச் சாக்கு. படித்தான், யோசித்தான், அவனுக்குச் சரியென்று படவில்லை என்று ஒருவர்கூடச் சொல்லமாட்டார். ஒரு வளர்ந்த மனிதன் தன் புத்தியால் ஒரு முடிவுக்கு வரமுடியும் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள யாருக்கும் மனம் வருவதில்லை.

இதையெல்லாம்விட எனக்குப் பொறுக்காதது 'ஒரு கஷ்டம் வரட்டும், தானா திரும்பி வருவான்' என்பது. சொல்கிறவர்கள் அக்கறையாகத்தான் சொல்கிறார்கள், தெரியும். ஆனால் அதன்பிறகு அந்த ஆளுக்கு நோய் வந்தாலும் வேலை போனாலும் சுற்றியிருக்கிறவர்கள் ஓரக்கண்ணால் பார்த்தபடி இருக்கிறார்கள், இப்போதாவது கை கூப்புகிறானா என்று. துக்கத்தைக்கூட நிம்மதியாகப் படவிடமாட்டார்கள். இது பழைய வழக்கம். 1776-ல் தத்துவவாதி டேவிட் ஹியூம் மரணப்படுக்கையில் இருந்தபோது எழுத்தாளர் ஜேம்ஸ் பாஸ்வெல் அவரைப் பார்க்கப் போனார், இந்த நேரத்திலாவது மறுமையைப் பற்றி மனம் மாறியிருக்குமா என்று தெரிந்துகொள்ள. ஹியூம் மாறவில்லை, கலகலப்பாகவே பேசினார், கலங்கிப்போய்த் திரும்பியவர் பாஸ்வெல்தான். ஹியூம் அமைதியாக இறந்ததை அவருடைய நண்பர், பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் ஒரு கடிதமாக எழுதி வெளியிட்டார். பிரிட்டனின் வணிக அமைப்பு முழுவதையும் தாக்கி எழுதியதற்கு வாங்கியதைவிடப் பத்து மடங்கு வசை அந்த ஒரு தாளுக்குக் கிடைத்தது என்று ஸ்மித் பின்னால் குறிப்பிட்டிருக்கிறார். நம்பாத ஒருவர் நல்லபடியாகச் செத்தார் என்பதையே தாங்கமுடியவில்லை.

இன்னும் பின்னால் போனால் தத்துவவாதி ஸ்பினோசா. 1656-ல் ஆம்ஸ்டர்டாம் யூத சமூகம் அவரை விலக்கி வைத்தபோது அவருக்கு வயது 23. அவரோடு யாரும் பேசக்கூடாது, ஒரே கூரையின் கீழ் இருக்கக்கூடாது, நான்கு முழத்துக்குள் நெருங்கக்கூடாது, அவர் எழுதிய எதையும் படிக்கக்கூடாது. அந்த வயதில் ஒருவனுக்குத் தெரிந்த உலகம் மொத்தமும் அதோடு முடிந்துபோகிறது. இன்றைக்கும் பல இடங்களில் விலகியவர் இழப்பது இதைத்தான். கூடப்பிறந்தவர்களின் திருமணம், அப்பாவின் இறுதிச் சடங்கில் ஒரு இடம், அவசரத்துக்குக் கூப்பிட ஒரு போன் எண்.

உயிரையே இழந்தவர்களும் உண்டு. 2015 பிப்ரவரியில் டாக்கா புத்தகக் கண்காட்சியிலிருந்து மனைவியோடு வெளியே வந்த, மதத்தை விமர்சித்து எழுதிவந்த அவிஜித் ராயை நடுத்தெருவில் வெட்டிக் கொன்றார்கள். அவர் செய்தது எழுதியதுதான். மதத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை 1948-ன் ஐ.நா. மனித உரிமைப் பிரகடனத்தில் 18-வது பிரிவாக எழுதப்பட்டு எழுபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. அன்றைக்கே வாக்களிக்காமல் ஒதுங்கிய எட்டு நாடுகளில் சவூதி அரேபியாவும் ஒன்று, இந்த உரிமைதான் அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

பெற்றவர்களின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுமையை மனதார நம்புகிற ஒரு அம்மாவுக்கு, பிள்ளை விலகினான் என்றால் அவனை என்றென்றைக்கும் இழக்கப்போகிறோம் என்றே அர்த்தம். ஊர் என்ன சொல்லும் என்கிற பயம் வேறு, இது வேறு. இந்த அழுகைக்குப் பதில் என்னிடம் இல்லை. விலகியவர்களில் சிலர் அப்படிப்பட்ட அம்மாவை முட்டாள் என்று பேசுவதும் எனக்குப் பிடிப்பதில்லை.

ஆனால் எங்கள் வீட்டில் இது வந்தபோது ஒன்று தெளிவானது. சித்தி மகன் தனக்கு நம்பிக்கை போய்விட்டது என்று சொல்லிவிட்டான். 'நீ சொன்னா கேப்பான்ப்பா, நீயே எடுத்துச் சொல்லு' என்று சித்தி என்னிடம் வந்தார். என்னிடம்! அவனாவது வருடக்கணக்கில் படித்து, தூக்கம் கெட்டு, ஒரு முடிவுக்கு வந்தவன். நான் ஒன்றையும் யோசிக்காமலேயே விட்டவன். ஆனாலும் கூப்பிட்ட இடத்துக்கு வந்து நிற்பதால் நான் நல்ல பிள்ளை, அவனைத் திருத்தத் தகுதியானவன். இந்த வேலைக்குத்தான் கண்டுகொள்ளாதவர்களை எல்லாக் குடும்பங்களும் வைத்திருக்கின்றன என்று தோன்றியது. நாம் வாயை மூடிக்கொண்டு பின்வரிசையில் உட்காரும்வரை, அவர்கள் பக்கம் ஆள் அதிகமாகத் தெரிகிறது, விலகியவன் ஒற்றை ஆளாகத் தெரிகிறான்.

'சித்தி, எனக்கும் அவனுக்கும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை, அவன் சொன்னான், நான் சொல்லவில்லை' என்றேன். அவருக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. அவனோடு பேசச் சொல்லி இனி என்னைக் கேட்கமாட்டார். நான் அவனோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறேன், வேறு எல்லாவற்றையும் பற்றி. அடுத்து வரும் குடும்ப விசேஷத்துக்கு அவனைக் கூப்பிடவில்லை என்றால் நானும் வரமாட்டேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.