கால் நீண்டது சீக்கிரம், எலும்பு இறுகத்தான் நாளானது

சின்ன வயதில் அடிபட்டதில் முழங்காலுக்குக் கீழே எலும்பு வளரும் பகுதி கெட்டுப்போய், இடது கால் 4 செ.மீ. குட்டையாகவே நின்றுவிட்டது. மதுரையில் ஆபரேஷன் முடிந்து, காலைச் சுற்றி, எலும்பில் கம்பிகளால் மாட்டிய இலிசரோவ் வளையத்தோடு காரைக்குடி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். சைபீரியாவில் குர்கன் என்ற ஊரில் கவ்ரீல் இலிசரோவ் என்ற டாக்டர் எலும்பை நீட்டுவதற்காக 1950களில் கொண்டுவந்த முறை இது.

"எலும்பைப் போய் எப்படி இழுப்பாங்க?" என்று கேட்காத ஆளில்லை. இழுப்பது எலும்பையே அல்ல. மேலே போர்த்தியிருக்கும் சவ்வைக் காப்பாற்றி, எலும்பை மட்டும் வெட்டிவிட்டு ஒரு வாரம் போலச் சும்மா விடுகிறார்கள். அதற்குள் வெட்டிய இடத்தில் இளந்திசு கட்டுகிறது. நீள்வது அதுதான். ஒரு நாளைக்கு 1 மி.மீ., அதுவும் நான்கு தவணையாக. அவசரப்பட்டால் எலும்பு சேராது. ரொம்ப மெதுவாகப் போனால் நீளுமுன்பே இறுகிவிடும்.

வீட்டுப் பட்டாலைத் திண்ணையில் உட்கார்ந்து ஸ்பேனரால் வளையத்தின் ஒவ்வொரு நீட்டும் நட்டையும் கால்வாசிச் சுற்று திருப்புவேன். அப்பத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வலிக்குதாய்யா?" என்பார்கள். திருப்பும்போது வலி இல்லை. ராத்திரியில் கெண்டைச் சதை இழுக்கும் பாருங்கள், அதுதான் வலி. எலும்பு வளரும் வேகத்துக்குச் சதை ஈடுகொடுப்பதில்லை. பாதம் கீழே மடங்கிப்போகாமல் இருக்க பிசியோதெரபி பயிற்சியை விடவே கூடாது.

முதல் எக்ஸ்ரேக்களில் இடைவெளி வெறும் கறுப்பாகத்தான் தெரிந்தது. வயிற்றைக் கலக்கியது. அப்புறம் இரண்டு முனையிலிருந்தும் இழுக்கும் திசையிலேயே மங்கலாகக் கோடுகள் இறங்கின. நடுவில் ஒரு பட்டை மட்டும் கடைசிவரை கறுப்பு. அங்கேதான் புதுத் திசு பிறந்துகொண்டே இருக்குமாம். நீட்டுவதை நிறுத்திய பிறகே அதுவும் வெளுத்தது.

வேண்டிய நீளம் வந்ததும் வளையத்தைக் கழற்றிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். நீட்டிய காலத்தைப்போல இரண்டு மடங்காவது வளையம் காலோடுதான் இருக்கும். எக்ஸ்ரேயில் எலும்பின் நான்கு பக்கத்தில் மூன்றிலாவது வெளிச்சுவர் வெள்ளையாகத் தெரிந்தால்தான் கழற்றுவதைப் பற்றிப் பேச்சு. அதுவரை கம்பி நுழையும் இடங்களைச் சுத்தம் செய்வதும், டாக்டர் சொன்ன அளவுக்குக் காலில் பாரம் கொடுத்து நடப்பதும்தான் வேலை. பாரம் விழுந்தால்தான் எலும்பு இறுகும். எங்கள் வீட்டு முற்றத்தைச் சுற்றிய வளவில் நடப்பது சுலபம். உயரமான நிலைப்படியைத் தாண்டுவதுதான் பெரும்பாடு. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் தண்ணீர் சிந்தியிருந்தால் வாக்கர் வழுக்கும், ஜாக்கிரதை.

வளையத்தைக் கழற்றியும் உள்ளே வேலை ஓயவில்லை. ஒருவகை செல்கள் வேண்டாத எலும்பைக் கரைக்க, இன்னொரு வகை பாரம் விழும் திசையில் புதிதாகக் கட்டும். நடுவே மஜ்ஜைக்கான குழாயும் மறுபடி திறக்கும். இதற்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். எனக்குக் கடைசி எக்ஸ்ரேயில் அந்தக் குழாய் லேசாகத் தெரிய ஆரம்பித்திருக்கிறது.