ஒரே பாயில் அக்காவும் தம்பியும்

நம் ஊரில் பள்ளி திறக்கும் ஜூன் மாதம் காற்று மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் தென்மேற்குக் காற்று கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வேலந்தாவளம் வரை பனைமரங்களை ஆட்டி எடுக்கும். கேரளத்தின் மற்ற பகுதிகளில் பிள்ளைகள் முதல் நாள் குடையோடு பள்ளிக்குப் போவார்கள். சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரம் மழை மறைவில் இருப்பதால் நமக்கு மழை குறைவு, புழுதி அதிகம். மழலையர் வகுப்பில் ஒரு ஜன்னல் கதவு படாரென்று அடித்தால் போதும், புதிதாக வந்த குழந்தை ஒன்று வீறிடும், அது ஓய்வதற்குள் கூடமே அழும். ஆகவே எல்லா ஜன்னல் கொக்கிகளையும் மாட்டிவிட்டுத்தான் ஆயாம்மா மற்ற வேலையைத் தொடங்குவார்.

இந்த மலரைப் படிக்கும் நம்மில் பலர் இன்று துபாயிலும் லண்டனிலும் சிங்கப்பூரிலும் பிள்ளை வளர்க்கிறோம். ஒன்றரை, இரண்டு வயது இடைவெளியில் பிறந்த இருவரை ஒரே நாளில் கொண்டுபோய் விடும் வீடுகள் நம்மிடையே நிறைய. அவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் நம் மழலையர் வகுப்பின் பழைய நடைமுறையை எழுதி வைக்கிறோம். டீச்சரும் ஆயாம்மாவும் ஆண்டுதோறும் பிள்ளைகளின் அழுகையைக் கவனித்துக் கைக்கொண்ட முறை அது.

3 வயதுப் பிள்ளையும் 5 வயதுப் பிள்ளையும் அங்கே ஒரே கூடத்தில்தான் இருந்தார்கள். இருந்தது ஒரு கூடம், ஒரு டீச்சர் என்பதால் வேறு வழியும் கிடையாது. ஆனால் 3 முதல் 6 வயது வரை கலந்து உட்கார வைப்பதை இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி கொள்கையாகவே வைத்திருந்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்த அம்மையார் நம் மலைத்தொடரிலேயே, கொடைக்கானலில், சில ஆண்டுகள் தங்கியிருந்தவர். சின்னவர்கள் பெரியவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள் என்பது அவர் கண்டது. உடன்பிறந்தவர்களுக்கும் அது பொருந்தும். நம் டீச்சர் அதற்கு ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: பெரிய பிள்ளையைச் சின்னப் பிள்ளைக்கு ஆயா ஆக்கக் கூடாது.

பெரும்பாலான வீடுகள் தவறுவது இங்கேதான். வாசலில் நின்று, "பாப்பா, தம்பியப் பாத்துக்க சாமி" என்று சொல்லிவிட்டு அம்மா போய்விடுவார். நாலரை வயதுப் பெண்ணுக்கு அது பெரிய சுமை. கட்டை அடுக்கிக்கொண்டிருப்பவள் பாதியில் எழுந்து போவாள். தம்பி சிணுங்கும் முன்பே திரும்பிப் பார்ப்பாள். தன் சோறு ஆறிப்போக அவனுக்கு ஊட்டுவாள். எல்லோரும் பாடும்போது அவள் வாய் அசையாது. தம்பியோ ஆயாம்மாவிடம் போகவே மாட்டான், அக்கா இருக்கும்போது போக வேண்டிய தேவை என்ன? பத்து நாள் கழித்து அக்காவுக்குக் காய்ச்சல் வந்தால் அன்றுதான் அவனுக்கு உண்மையான முதல் நாள். அக்காவின் பாடு இன்னும் மோசம். அவள் அழுவதில்லை, அதனால் பழகிவிட்டாள் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். இரவில் படுக்கையை நனைப்பதும் காலையில் வயிற்றுவலி என்பதும் அந்தச் சுமையால்தான் என்பது யாருக்கும் தோன்றாது.

ஆகவே அம்மாமார்கள் என்ன சொல்ல வேண்டும் என்பதை டீச்சரே சொல்லிக் கொடுத்தார்: "தம்பிய ஆயாம்மா பாத்துக்குவாங்க. நீ போய் விளையாடு கண்ணு." இருவர் காதிலும் விழ, ஆயாம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். இந்த ஒரு வாக்கியத்துக்கு இருக்கும் பலத்தை நாங்கள் அப்புறம் வேறெங்கும் பார்த்ததில்லை.

பிரிப்பது மெல்ல நடந்தது. முதல் மூன்று நாள் ஒரு மணி நேரம் மட்டும், அம்மா திண்ணையில், பிள்ளைகள் இருவரும் ஒரே பாயில். நான்காம் நாள் அம்மா விடைபெற்றுக்கொண்டு அரை மணி நேரம் போய்வருவார். அந்த நான்காம் நாள் திங்கட்கிழமையாக விழுந்தால் ஒரு நாள் தள்ளிவிடுவார்கள், ஞாயிறு முழுக்க வீட்டில் இருந்த பிள்ளை திங்களன்று அம்மாவை விடாது. ஜெர்மனியின் மழலையர் காப்பகங்களில் புதுப் பிள்ளைகளைப் பழக்க இன்று பரவலாகப் பின்பற்றும் பெர்லின் முறையிலும் இதே கணக்குதான்: மூன்று நாள் உடனிருப்பு, நான்காம் நாள் முதல் பிரிவு, அதுவும் அரை மணிக்கு மேல் போகாது, திங்கள் என்றால் மறுநாள்.

இரண்டாம் வாரம் அக்காவும் தம்பியும் அதே பாயின் இரு முனைகளில். ஆயாம்மா நடுவில் உட்காருவார். தம்பி அக்காவைத் தேடிக் கையை நீட்டினால் முதலில் ஆயாம்மா மடிதான் அகப்படும். மூன்றாம் வாரம் வேறு வேறு பாய், கூடம் மட்டும் ஒன்று. எதை முதலில் பிரிப்பது என்பதற்கும் வரிசை உண்டு. முதலில் விளையாட்டு, பிறகு பாட்டு, பிறகு சோறு, கடைசியில்தான் தூக்கம். கண் சொக்கும் நேரத்தில்தான் வீட்டு நினைவு வரும், அதைத் தொடக்கத்திலேயே பிரித்தால் அதுவரை பழகியதெல்லாம் போய்விடும். படுக்கும்போது கட்டிக்கொள்ள அம்மாவின் பழைய சேலையை வெட்டி இருவருக்கும் தனித்தனித் துண்டு கொடுத்துவிடச் சொல்வார்கள். ஒரே துண்டு கொடுத்தால் அடிதடியில் முடியும்.

சொல்லாமல் கொள்ளாமல் நழுவிப் போவதை டீச்சர் ஒருபோதும் ஒப்புக்கொள்ளவில்லை. ஏமாந்த பிள்ளை அடுத்த நாள் முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும், விளையாட்டில் மனம் போகாது. விடைபெறுவது அரை நிமிடத்தில் முடிய வேண்டும். மணி சொல்லிப் பயனில்லை. "சோறு உண்டதும் வந்தர்றேன்" என்று ஒரு வேலையை அடையாளம் சொல்லிவிட்டு, அதே நேரத்துக்கு வந்துவிட வேண்டும். சோற்றுக்கு முன்னால் வந்து நிற்பதும் தவறுதான், மறுநாள் பிள்ளை அந்த நேரத்திலிருந்தே அழத் தொடங்கும்.

விஜயதசமி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பகுதியில் மூத்தவரை ஜூனில் சேர்த்துவிட்டு, இளையவரை விஜயதசமியன்று தட்டில் பரப்பிய அரிசியில் 'ஹரிஸ்ரீ' எழுத வைத்துச் சேர்க்கும் வீடுகள் இருந்தன. இருவரையும் ஒரே நாளில் சேர்ப்பதைவிட இது மேல் என்பது எங்கள் உறுதியான எண்ணம். நான்கு மாதத்தில் மூத்த பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு கூட்டாளியும் ஓர் இடமும் கிடைத்திருக்கும், தம்பி வந்தாலும் அதை அவள் விட்டுக்கொடுக்க மாட்டாள். ஆனால் விஜயதசமியன்று பிள்ளை சர்க்கரைப் பொங்கல் தின்றுவிட்டு அம்மா இடுப்பிலேயே திரும்பிவிடுகிறது. 'அழவே இல்லையே' என்று அதை வைத்து மகிழக் கூடாது. மறுநாளிலிருந்து அந்த மூன்று நாள் உடனிருப்பை முழுதாகச் செய்தாக வேண்டும்.

பொருள்களில் கவனிக்க வேண்டியவை சில. இழுத்தால் இறங்கும் எலாஸ்டிக் நிக்கர் வேண்டும். பொத்தானும் ஜிப்பும் வைத்தது முதல் மாதம் வேண்டாம், அவிழ்ப்பதற்குள் நனைந்துவிடும். மாற்றுடை ஆளுக்கு இரண்டு. டிபன் பாக்ஸையும் தண்ணீர் பாட்டிலையும் பிள்ளை தானே திறக்கிறதா என்று வீட்டில் ஒரு வாரம் முன்பே பார்த்துவிட வேண்டும். திறக்க முடியாத டப்பாதான் தம்பியை மறுபடி அக்காவிடம் துரத்தும். படிக்கத் தெரியாத வயது என்பதால் பெயர் எழுதிப் பயனில்லை, அக்கா பொருளுக்கு ஒரு நிற நூலும் தம்பி பொருளுக்கு வேறு நிற நூலும் கட்டிவிடலாம். இரட்டைப் பிள்ளைகளுக்கு ஒரே மாதிரிச் சட்டை அழகுதான், ஆனால் முதல் மாதம் வேறு வேறு நிறம் போடுங்கள். பெயர் மாற்றிக் கூப்பிடப்பட்ட பிள்ளை அந்த ஆளிடம் சீக்கிரம் ஒட்டாது.

எல்லைப்புறத்துக்கே உரிய சிக்கல் ஒன்றும் இருந்தது. வீட்டில் கொங்குத் தமிழ், டீச்சர் மாறி வந்தால் மலையாளம். ஒண்ணுக்கு, தண்ணி, பசிக்குது, வலிக்குது: இந்த நான்கையும் பிள்ளை எப்படிச் சொல்லும் என்று அம்மா டீச்சருக்குச் சொல்லிவைத்தால் போதும். அக்காவை மொழிபெயர்ப்பாளர் ஆக்குவதும் அவளை ஆயா ஆக்குவதுதான். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பிள்ளையின் சொற்களை அங்குள்ள எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். இங்கிலாந்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பொறுப்பாளரை நியமிக்க வேண்டும் என்பது விதி. முதல் இரண்டு வாரம் அவர் விடுப்பில் போகிறாரா என்று கேட்டுவிட்டு, சேர்க்கும் தேதியை முடிவு செய்யுங்கள்.

மாலையில் நடப்பதை எந்தப் பள்ளியும் சொல்லித் தருவதில்லை. கூடத்தில் சமர்த்தாக இருந்த பிள்ளை வீட்டு வாசல் மிதித்ததும் கத்தி உருளும், பென்சில் முனை உடைந்ததற்குக்கூட. பகல் முழுக்க அடக்கி வைத்தது, நம்பிக்கையான இடத்தில் வெளியே வருகிறது. வந்ததும் முகம் கழுவி, அவித்த கடலையோ வாழைப்பழமோ கொடுத்து, அரை மணி நேரம் எதுவும் கேட்காமல் விட வேண்டும். இருவரையும் எதிரெதிரே நிறுத்தி "இன்னைக்கு ஆரு அழுதது?" என்று கேட்கவே கூடாது. அக்கா சாட்சி சொல்பவளாகிவிடுவாள், தம்பி அவளிடமிருந்து மறைக்கப் பழகுவான். இரவில் ஆளுக்குப் பத்து நிமிடம் தனியாக அம்மா மடி கிடைத்தால் இந்தச் சண்டைகளில் பாதி குறையும்.

பழகிய பிள்ளை மறுபடி அழுவதும் இயல்பே. புதுமை தீர்ந்த இரண்டாம் வாரத்தில் ஒரு முறை வரும். காய்ச்சலில் கிடந்து திரும்பும்போது வரும். பத்து நாள் ஓண விடுமுறைக்குப் பின் கட்டாயம் வரும். அப்போது மறுபடி இரண்டு நாள் அரைநாள் மட்டும் வைத்தால் மூன்றாம் நாள் சரியாகிவிடும். பாலக்காடு மாவட்டத்துக்கு உண்டான தைப் பொங்கல் விடுமுறை சின்னது, அதற்குப் பெரிதாக ஒன்றும் தேவைப்பட்டதில்லை.

பெரிய பிரிவு அடுத்த ஜூனில்தான். அக்கா ஒன்றாம் வகுப்புக்குப் போய்விடுவாள், தம்பி கூடத்தில் தனியாக நிற்பான். அதற்கான ஏற்பாட்டை டீச்சர் பிப்ரவரியிலேயே தொடங்கினார். வாரம் ஒரு நாள் அக்காவை ஒன்றாம் வகுப்பில் போய் உட்கார வைப்பார். தம்பியிடம் அதை முதல் நாளே சொல்லி, காலையில் அவள் போகும் அறையை அவன் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டிவிடுவார். முதல் இரண்டு வாரம் சோற்று நேரத்துக்கு அவள் கூடத்துக்குத் திரும்பி வருவாள். மார்ச்சில் சோறும் அங்கேயே.