செல்சுவரைப் பின்தொடர்ந்து: முதலாண்டு உயிரியல் நாட்குறிப்பு

ஜூலை 8

முதல் செய்முறை வகுப்பு. வெங்காயத்தின் உள்தோலை உரித்து ஒரு ஸ்லைடு, கன்னத்தின் உட்புறத்தை மெதுவாகச் சுரண்டி இன்னொரு ஸ்லைடு. வெங்காயத்துக்கு அயோடின், கன்னத்துக்கு மெத்திலீன் புளூ.

பள்ளியிலேயே படமாகப் பார்த்தவைதான். ஆனாலும் நுண்நோக்கியில் பார்த்தபோது படத்தில் இல்லாத ஒன்று தெரிந்தது. வெங்காயச் செல்கள் நீள நீளமாக, விளிம்போடு விளிம்பு பொருந்தி, இடைவெளியே இல்லாமல் கிடக்கின்றன. கன்னச் செல்கள் தனித்தனியே மிதக்கின்றன. சிலவற்றின் ஓரம் மடங்கியிருக்கிறது. கவர்ஸ்லிப்பை ஊசி முனையால் லேசாகத் தட்டினால் அவை ஆளுக்கொரு பக்கம் போகின்றன. வெங்காயத்தில் ஒரு செல் நகர வேண்டுமானால் மொத்தத் தோலும் நகர்ந்தாக வேண்டும்.

1665-இல் ராபர்ட் ஹூக் தக்கையைச் சீவிப் பார்த்தபோது அவர் கண்டது சுவர்களை மட்டுமே. உள்ளே உயிருள்ள எதுவும் மிச்சமிருக்கவில்லை.

பாடப்புத்தகத்தில் தாவரச் செல்லுக்கும் விலங்குச் செல்லுக்கும் உள்ள வேறுபாடுகள் அட்டவணையாக இருக்கின்றன. செல்சுவர் ஒரு வரி, பசுங்கணிகம் (ஒளிச்சேர்க்கை நடக்கும் பச்சை உறுப்பு) ஒரு வரி, பெரிய வாக்குவோல் (செல்சாறு நிறைந்த பை) ஒரு வரி. எல்லாவற்றுக்கும் ஒரே எடை. எனக்கு அது சரியாகப் படவில்லை. செல்சுவர் என்ற அந்த ஒரு வரியை மட்டும் பருவம் முழுக்கப் பின்தொடர்ந்து பார்க்கப் போகிறேன். அதற்காகத்தான் இந்தக் குறிப்புகள்.

ஜூலை 15

ரியோ என்ற அலங்காரச் செடியின் இலை, அதன் அடிப்பக்கத் தோல். செல்லுக்குள் ஊதா நிறச் சாறு இருப்பதால் சாயம் தேவையில்லை. அடர்த்தியான சர்க்கரைக் கரைசலை ஒரு சொட்டு விட்டுக் காத்திருந்தால், ஊதா நிறம் சுவரை விட்டு விலகி நடுவில் உருண்டையாகச் சுருங்குகிறது. சுவர் இருந்த இடத்திலேயே நிற்கிறது. பிறகு தண்ணீர் விட்டதும் ஊதா மெல்ல விரிந்து மறுபடியும் சுவரைத் தொட்டது. உயிருள்ள செல் இப்படித் திரும்பி வருவதைப் பார்க்க எத்தனை முறை சொன்னாலும் உட்காருவேன்.

சிவப்பணுவைத் தூய நீரில் போட்டால் உப்பி வெடித்துவிடும். தாவரச் செல் வெடிப்பதில்லை. உள்ளே வரும் நீர் சுவரை அழுத்துகிறது, சுவர் திருப்பி அழுத்துகிறது. இந்த விறைப்பழுத்தம் பல செல்களில் கார் டயரின் காற்றழுத்தத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு. எலும்பே இல்லாத இளந்தண்டு நிமிர்ந்து நிற்பது இதனால்தான். நீர் குறைந்தால் துவண்டுவிடுவதும் இதனால்தான்.

சுவர் இல்லாத விலங்குச் செல் என்ன செய்கிறது? உள்ளிருக்கும் உப்பின் அளவை இடைவிடாமல் சரிசெய்துகொண்டே இருக்கிறது. சோடியம்-பொட்டாசியம் பம்ப் ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. அதற்கு ஓர் ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) செலவு. ஜென்ஸ் ஸ்கௌ 1957-இல் நண்டின் நரம்பில் கண்டுபிடித்தது இது. 1997-இல் நோபல் பரிசு வந்தது. நம் நரம்புகள் செய்தி அனுப்புவதும் இதே அயனி வேறுபாட்டை வைத்துத்தான். சுவர் இல்லாததால் வந்த செலவு என்று மட்டும் இதைச் சொல்லி முடித்துவிட முடியாது போலிருக்கிறது.

ஜூலை 29

வெங்காய வேர்நுனி, மைட்டாசிஸ் என்ற செல் பிரிதல். அமிலத்தில் சூடாக்கி, அசிட்டோகார்மைன் ஏற்றி, கட்டைவிரலால் நசுக்கி ஒரே அடுக்காக்க வேண்டும். குரோமோசோம்கள் தெளிவாகத் தெரியும் செல்லைத் தேடியே பாதி நேரம் போனது.

கவனிக்க வேண்டியது கடைசிக் கட்டம். விலங்குச் செல் பிரியும்போது சவ்வு வெளியிலிருந்து உள்நோக்கி இறுகி, இடுப்பு குறுகி, இரண்டாகிறது. தாவரச் செல்லில் சுவர் விறைப்பாக இருப்பதால் அப்படி இறுக வழியில்லை. நடுவில் சிறு சிறு பைகள் வந்து கூடித் தகடாகி, அந்தத் தகடு நடுவிலிருந்து வெளிநோக்கி வளர்ந்து பழைய சுவரைத் தொடுகிறது. பிறந்த இரண்டு செல்களும் அதே இடத்தில், நடுவில் புதுச் சுவரோடு, ஆயுள் முழுக்கப் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.

ஆகஸ்ட் 12

இன்றைய வகுப்பைப் பற்றி நிறைய எழுத வேண்டும்.

தவளைக் கரு வளர்வதைக் காணொளியில் காட்டினார்கள். முதலில் செல்கள் பிரிந்துகொண்டே போகின்றன. பிறகு திடீரென்று மொத்தக் கருவும் புரளத் தொடங்குகிறது: வெளியே இருந்த செல் அடுக்கு உள்ளே மடிந்து போகிறது. உள்ளே போனது குடலாகிறது, வெளியே தங்கியது தோலும் நரம்புமாகிறது. அடுத்து நரம்பு முகட்டுச் செல்கள். இவை முதுகிலிருந்து கிளம்பி உடலெங்கும் ஊர்ந்து போய், ஓரிடத்தில் நிறமிச் செல்லாகவும் ஓரிடத்தில் குடலின் நரம்பாகவும் முகத்தில் எலும்பாகவும் மாறுகின்றன. விலங்கின் உடல் செல்களின் பயணத்தால் கட்டப்படுகிறது. 1907-இல் ஹெச். வி. வில்சன் கடற்பஞ்சை மெல்லிய துணி வழியே பிழிந்து தனித்தனிச் செல்களாக்கினார். அவை ஊர்ந்து ஒன்றையொன்று தேடிச் சேர்ந்து மறுபடி கடற்பஞ்சாயின.

தாவரக் கருவில் எந்தச் செல்லும் எங்கும் போவதில்லை. எந்தத் திசையில் பிரிவது, எந்தத் திசையில் நீள்வது என்ற இரண்டை மட்டும் வைத்து வேர், தண்டு, இலை, பூ எல்லாம் உருவாகின்றன. அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியா தொற்றினால் தண்டில் பெரிய கட்டி வரும். ஆனால் அதன் செல்கள் நம் புற்றுசெல்களைப் போலக் கிளம்பி வேறிடத்தில் குடியேற முடியாது.

இன்னொன்று. நம் உடலில் இனச்செல்களாகப் போகிறவை கருவிலேயே தனியாக ஒதுக்கப்பட்டுவிடுகின்றன. செடியில் அப்படி ஒதுக்குவது இல்லை. இலை இலையாகக் கொடுத்துக்கொண்டிருந்த அதே தண்டுநுனி ஆக்குத்திசு (பிரிந்துகொண்டே இருக்கும் செல்களின் கூட்டம்) ஒருநாள் பூவைக் கொடுக்கிறது, அந்தப் பூவுக்குள் இனச்செல்கள் உருவாகின்றன. கலிஃபோர்னியாவின் வெள்ளை மலைகளில் 4,800 ஆண்டுகளுக்கு மேல் வாழும் பிரிஸ்டில்கோன் பைன் மரம் இருக்கிறது. விலங்கின் உடல் ஓரளவில் முடிந்துவிடும்; மரத்தின் உடல் முடிவதே இல்லை.

ஆகஸ்ட் 19

விலங்குத் தொகுதிகள். துளையுடலிகள், குழியுடலிகள், தட்டைப்புழுக்கள், உருளைப்புழுக்கள், வளைதசைப்புழுக்கள், கணுக்காலிகள், மெல்லுடலிகள், முட்தோலிகள், முதுகுநாணுள்ளவை. ரெக்கார்டு நோட்டில் படங்கள் முடிந்தன. நண்டைவிட நட்சத்திர மீன் நமக்கு நெருங்கிய உறவு என்பதை மட்டும் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 26

காலையில் தாவரச் செய்முறை: இளந்தண்டின் நீள்வெட்டு, சாஃப்ரானின் என்ற சிவப்புச் சாயம். நீரைக் கடத்தும் சைலம் குழாய்கள் சிவப்பாகத் தெரிகின்றன. உட்சுவரில் வளையமாகவும் சுருளாகவும் லிக்னின் (மரத்துக்குக் கெட்டித்தன்மை தரும் பொருள்) தடிப்புகள். வேலை செய்யும்போது இந்தச் செல்கள் இறந்தே போயிருக்கும், மிஞ்சியிருப்பது சுவர் மட்டும். 115 மீட்டருக்கு மேல் வளரும் கலிஃபோர்னியாவின் ரெட்வுட் மரத்தின் உச்சிக்கும் இப்படித்தான் நீர் போகிறது. அதைக் கீழிருந்து தள்ளும் இதயம் கிடையாது. இலையில் நீர் ஆவியாக, நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதால் முழுத் தம்பமும் மேலே இழுபடுகிறது என்று 1894-இல் டிக்சனும் ஜோலியும் சொன்னார்கள். இழுக்கும் விசையில் குழாய் உள்வாங்கி நசுங்கிவிடக் கூடாது. அதற்குத்தான் அந்தச் சுருள். வளர்ந்துகொண்டிருக்கும் இளந்தண்டில் குழாயும் நீள வேண்டும், சுருளாக இருந்தால் நீளவும் முடியும்.

மதியம் விலங்குச் செய்முறை: கரப்பான் பூச்சியின் மூச்சுக்குழல்கள். காற்று இருக்கும்வரை வெள்ளிபோல் மின்னும். ஸ்லைடில் வைத்துப் பெரிதாக்கினால், குழாயின் உட்புறத்தில் சுருள்! காலையில் பார்த்த அதே வடிவம், இங்கே கைட்டின் (பூச்சியின் ஓட்டிலும் உள்ள கெட்டிப் பொருள்) பூசிய தடிப்பு. பூச்சியின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பதில்லை. காற்றே குழாய் வழியாகத் திசுக்கள்வரை போகிறது. அந்தக் குழாயும் நசுங்காமல் திறந்திருக்க வேண்டும்.

தாவரவியல் நோட்டையும் விலங்கியல் நோட்டையும் அருகருகே விரித்து இரண்டு படங்களையும் பேராசிரியரிடம் காட்டினேன். "இரண்டையும் ஒரே பக்கத்தில் வரைந்து கொண்டு வாப்பா" என்றார். இந்தப் பாடத்தை முன்பாதி விலங்கு, பின்பாதி தாவரம் என்று பிரிக்காமல், ஒரே நாளில் இரண்டையும் பார்க்கும்படி வைத்தவருக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

செப்டம்பர் 9

ஹைட்ரா, நன்னீரில் வாழும் சிறு குழியுடலி. ஆப்ரஹாம் டிரெம்பிளி 1740-இல் குளத்து நீரில் பச்சை நிறத்தில் ஒட்டிக்கொண்டிருந்த ஒன்றைக் கண்டு, இது செடியா விலங்கா என்று தீர்மானிக்க அதை இரண்டாக வெட்டினார். வெட்டிய துண்டு தழைத்தால் செடி என்பது அவர் கணக்கு. இரண்டு துண்டுகளும் முழு உடலாயின. ஆனால் அது இடம் விட்டு இடம் நடந்து போனது, இரையைப் பிடித்து விழுங்கியது. விலங்குதான் என்ற முடிவுக்கு வந்து, 1744-இல் நூலாக வெளியிட்டார். பச்சை நிறம் அதன் செல்களுக்குள் வாழும் பாசியால் வந்தது.

அந்த விழுங்குதலில்தான் என் கவனம். ஹைட்ராவின் குடல் செல்கள் உணவுத் துணுக்குகளைச் சூழ்ந்து உள்ளே எடுத்துக்கொள்கின்றன. சுவர் உள்ள செல்லுக்கு அது முடியாது. பூச்சியைப் பிடிக்கும் செடிகள்கூட நொதியை வெளியே சுரந்து, கரைந்ததைத்தான் உறிஞ்சுகின்றன. பூஞ்சைகளும் அப்படியே, அவற்றுக்கும் சுவர் உண்டு, ஆனால் கைட்டினால் ஆனது. பரம்பரையில் பூஞ்சை நமக்குத்தான் நெருக்கம். ஆக, சுவர் என்பது உறவைக் காட்டும் அடையாளம் அல்ல, வாழும் முறையைத் தீர்மானிப்பது.

அப்படியானால் பசுங்கணிகம் உள்ளே வந்தது எப்படி? அது ஒருகாலத்தில் தனித்து வாழ்ந்த சயனோபாக்டீரியம் (ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா), அதற்கென்று டி.என்.ஏ. இன்றும் இருக்கிறது. லின் மார்குலிஸ் 1967-இல் இந்தக் கருத்துக்கு மறுவாழ்வு கொடுத்தார். தாவரங்களின் மூதாதை ஒருமுறை எதையோ விழுங்க முடிந்த செல்லாக இருந்திருக்கிறது. விழுங்கியதை வைத்துக்கொண்ட பிறகு விழுங்கவே தேவையில்லாமல் போனது.

செப்டம்பர் 23

பெரணியின் புரோதாலஸ் (இனச்செல்களைத் தரும் சிறு தாவர உடல்), இதய வடிவில், விரல் நகத்தைவிடச் சிறியது. நீர் விட்டதும் ஆண் இனச்செல்கள் வெளியே வந்து சுழன்று சுழன்று நீந்தின. சுருண்ட உடல், நிறையக் கசையிழைகள். சுவர் இல்லை! தாவரத்தில் ஒரு செல் எங்காவது போயே ஆக வேண்டும் என்றால் அது சுவரைக் கைவிடுகிறது. பெண் இனச்செல் இருக்கும் திசையை அவை மாலிக் அமிலத்தை வைத்து அறிகின்றன என்று ஃபெஃபர் 1884-இல் காட்டினார். ஜிங்கோ மரத்திலும் நீந்தும் இனச்செல் உண்டு. 1896-இல் சகுகோரோ ஹிராசே கண்டது.

பூக்கும் தாவரங்களில் நீச்சலும் இல்லை. மகரந்தக் குழாய் நுனியில் மட்டும் வளர்ந்து வளர்ந்து சூலைப் போய்ச் சேர்கிறது, இரண்டு ஆண் இனச்செல்கள் அதற்குள் பயணிகள். ஒன்று முட்டையோடு சேர, மற்றொன்று கருவுக்கு உணவாகும் கருவூண் திசுவைத் தொடங்கி வைக்கிறது. 1898-இல் நவாஷின் கண்ட இரட்டைக் கருவுறுதல். செல் போகாத ஊருக்குச் சுவரே வளர்ந்து போகிறது.

அக்டோபர் 7

ஸ்பாட்டர் தேர்வு (வைத்திருக்கும் மாதிரிகளை அடையாளம் காணும் செய்முறைத் தேர்வு) முடிந்தது. முடிந்ததும் பேராசிரியரிடம், சுவருக்குள் அடைபட்ட செல்கள் ஒன்றோடொன்று எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று கேட்டேன். அலமாரியிலிருந்து பெர்சிமன் பழத்தின் விதையிலுள்ள கருவூண் திசு ஸ்லைடை எடுத்துத் தந்தார். தடித்த சுவர்களைக் குறுக்கே கடந்து மயிரிழை போன்ற கோடுகள். பிளாஸ்மோடெஸ்மேட்டா: 1879-இல் டாங்கல் விவரித்தவை. ஒரு செல்லின் சைட்டோபிளாசம் சுவரைத் தாண்டி அடுத்த செல்லின் சைட்டோபிளாசத்தோடு தொடர்கிறது. உணவைக் கடத்தும் ஃபுளோயம் திசுவின் சல்லடைத் துளைகள் இவையே பெரிதானவை. சர்க்கரை அந்த வழியே போகிறது, தாவர வைரஸ்களும் இந்த வழியாகவே செல் விட்டுச் செல் பரவுகின்றன.

ஆக, கன்னச் செல்லைவிட வெங்காயச் செல்தான் தன் பக்கத்துச் செல்லோடு அதிகம் இணைந்திருக்கிறது என்று சொல்லலாமா? விலங்குச் செல்களுக்கு இடையிலும் புரத வாய்க்கால்கள் உண்டே, அவற்றின் வழியே என்ன போகும், என்ன போகாது? அடுத்த பருவத்தில் செல் உயிரியலைத் தேர்ந்தெடுத்துப் படிவம் கொடுத்துவிட்டேன்.