மன்னிப்புக் கடிதம் எழுதிய ஜூலை

2003 ஜூலை 2 அன்று தமிழக அரசு ஊழியர், ஆசிரியர் வேலைநிறுத்தம் தொடங்கியபோது ஒரு தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருந்தேன். எடுக்காத விடுப்பை ஒப்படைத்துப் பெறும் சரண்டர் விடுப்புப் பணத்தை அரசு நிறுத்தியது, ஓய்வூதியப் பலன்களில் கை வைத்தது என்று எல்லோரும் கொதித்துப் போயிருந்த நேரம். அரசு ஊழியர், ஆசிரியர் சங்கங்களின் கூட்டமைப்புகளான ஜாக்டோ-ஜியோவும் கோட்டா-ஜியோவும் அழைத்தன. போனேன்.

ஜூலை 4-ல் டெஸ்மா என்ற தமிழ்நாடு அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தைத் திருத்தி அவசரச் சட்டம் வந்தது. விசாரணையே இல்லாமல் டிஸ்மிஸ் செய்யலாம் என்று ஆனது. சுமார் 1.7 லட்சம் பேருக்கு வேலை போனது. சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கி என் பெயரைக் கண்டுபிடித்தேன். பதினோரு வருஷ சர்வீஸ், ஒரு மெமோகூட வாங்கியதில்லை.

உயர் நீதிமன்றத்துக்குப் போனால், அரசு ஊழியர் பணி வழக்குகளைக் கேட்கும் நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போங்கள் என்றார்கள். அங்கே அப்போது இருந்ததே ஒரே ஓர் உறுப்பினர். லட்சக்கணக்கான பேரின் மனுவை அவர் எப்போது கேட்டு முடிப்பது?

ஜூலை 24-ல் உச்ச நீதிமன்றத்தில் வழி பிறந்தது. கைதானவர்கள், வழக்குப் பதிவானவர்கள் தவிர மற்றவர்களைத் திரும்ப எடுப்பார்கள். ஆனால் நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதித் தர வேண்டும், அரசு ஊழியர் நடத்தை விதிகளில் விதி 22-க்குக் கட்டுப்படுவதாக உறுதியும் தர வேண்டும். அந்த விதியை நான் அதுவரை படித்ததே இல்லை. தலைமை எழுத்தரிடம் 1973-ஆம் வருஷத்து விதிப் புத்தகத்தை வாங்கி, நின்றபடியே படித்தேன். வேலைநிறுத்தத்தில் ஈடுபடக் கூடாது, பிறரைத் தூண்டவும் கூடாது. அப்புறம்தான் எழுத உட்கார்ந்தேன். ‘நிபந்தனையற்ற’ என்ற சொல்லில் பேனா நின்றுவிட்டது. வீட்டில் இரண்டு பிள்ளைகள். எழுதி முடித்தேன்.

ஆகஸ்ட் 6-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது: அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை. எனக்கு இன்றுவரை அது ஆறவில்லை. தொழிற்சாலைத் தொழிலாளி என்றால் நோட்டீஸ் கொடுக்கலாம், சமரச அதிகாரி அழைத்துப் பேசுவார். எங்களுக்கு அப்படியொரு பேச்சுவார்த்தை மேஜையே கிடையாது. உரிமை இல்லை என்று சொல்பவர்கள் குறையை எங்கே போய்ச் சொல்வது என்பதையும் சொல்லியிருக்க வேண்டும்.

புதிதாகச் சேரும் தம்பி, தங்கைகளே, விதி 22-ஐ இப்போதே படித்துவிடுங்கள். எதில் கையெழுத்துப் போட்டாலும் நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலைக்குத் திரும்பிய அன்று என் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அந்த அண்ணன் மறியலில் கைதானவர். அவர் விஷயம் ஓய்வுபெற்ற நீதிபதிகள் குழுவுக்குப் போனது. அவர் வரும்வரை அவருடைய கோப்புகளை நான்தான் பார்த்தேன். அவர் பேனா ஸ்டாண்டை மட்டும் யாரையும் நகர்த்த விடவில்லை.