காகித நெருப்பில் காய்ந்த கொங்கா

ஜெர்சி சிட்டிக்கு வந்த முதல் குளிர்காலத்தில் வீட்டில் நான் அதிகம் கேட்டது ஹீட்டர் குழாயின் சத்தத்தைத்தான். கணவர் காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் இரவு எட்டுக்குத்தான் திரும்புவார். எனக்கு அவர் வேலை விசாவைச் சார்ந்து கிடைத்த எச்-4 விசா, வேலைக்குப் போக அனுமதி கிடையாது. நியூவார்க் அவென்யூவில் இந்தியக் கடைகள் வரிசையாக இருப்பதால் கறிவேப்பிலைக்கும் இட்லி அரிசிக்கும் பஞ்சமில்லை. ஆனால் பகலில் பேச ஒரு ஆள் வேண்டுமே.

அந்த ஆள் கீழ்வீட்டிலேயே இருந்தார். பியூர்ட்டோ ரிக்கோவில் போன்சே என்ற ஊரில் பிறந்து, நாற்பது வருடமாக இங்கே இருக்கும் ஒரு அம்மா. எங்கள் பழக்கம் மரவள்ளிக்கிழங்கில் தொடங்கியது. அவர் பையில் கிழங்கைப் பார்த்து, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். பாதியை எடுத்து என் கையில் திணித்துவிட்டார். அவர்கள் அதற்கு யூக்கா என்கிறார்கள், வேகவைத்துப் பூண்டும் எண்ணெயும் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். நான் மறுநாள் கடுகு, மிளகாய் தாளித்துத் தேங்காய் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்றிலிருந்து நான் அவருக்கு 'மீஹா'. மகளே என்று அர்த்தம்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, "மீஹா, கோட்டை மாட்டு, கிளம்பு" என்று வந்து நின்றார். பாத் ரயிலில் 33-வது தெரு வரை போய், அங்கிருந்து நடந்து 6-ம் நம்பர் சப்வே பிடித்து ஈஸ்ட் ஹார்லெமில் இறங்கினோம். அந்தப் பகுதியை அவர்கள் எல் பாரியோ என்பார்கள். பேட்டை என்று சொல்வோமே, அதுதான். அங்கே 110-வது தெருவுக்கு டிட்டோ புவெந்தேயின் பெயரை வைத்திருக்கிறார்கள். ஒரு வாத்தியக்காரர் வளர்ந்த பேட்டையிலேயே தெருவுக்கு அவர் பெயர் வைத்திருப்பது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

போன இடம் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடி. சல்சா பயிற்சிப் பட்டறை. முதல் ஒரு மணி நேரம் ஆட்டம், அப்புறம் கொங்கா என்ற உயரமான கியூப மேளத்தைக் கையால் வாசிப்பவர்கள் இரண்டு பேர் வந்து தாளத்தை விளக்குவார்கள் என்று சொன்னார்கள். ஆட்டத்தில் நான் திணறினேன். ஒன்று-இரண்டு-மூன்று, ஐந்து-ஆறு-ஏழு என்று எண்ணிக்கொண்டே கால் வைக்க வேண்டும். நியூயார்க் பாணியில் இரண்டாவது தட்டில்தான் முன்னே பின்னே திசை மாற்றுவார்கள். எனக்கோ ஒன்றில்தான் கால் போனது. சொல்லிக்கொடுத்த பெண் பொறுமையானவர். "எண்ணாதே, இரு. மேளக்காரர்கள் வரட்டும்" என்றார்.

வந்தார்கள். ஒருவர் எழுபதைத் தாண்டிய ஹவானாக்காரர். இன்னொருவர் பிராங்க்ஸில் வளர்ந்தவர், ஐம்பது வயது இருக்கும். வந்தவுடன் வாசிக்கவில்லை. வெளிக்குளிரிலிருந்து கொண்டுவந்த மேளங்களை அறைச் சூட்டுக்குப் பழகட்டும் என்று கால் மணி நேரம் அப்படியே நிற்க வைத்தார்கள். பிறகு பெரியவர் ஒரு ஸ்பானரை எடுத்து, எதிரெதிர் நட்டுகளாகப் பார்த்து, ஒவ்வொன்றையும் கால் சுற்று திருகி, விளிம்போரம் ஒரு விரலால் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டார். மறுபடி திருகினார். அந்த அறையில் யாரும் பேசவில்லை. சின்ன வயதில் பாட்டு வகுப்பில் மிருதங்க வாத்தியார் கல்லாலும் கட்டையாலும் தட்டிச் சுருதி சேர்க்கும்போது நாங்கள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. விரல் கணுக்களில் அவர் வெள்ளை டேப் சுற்றிக்கொண்டபோது, கச்சேரிக்கு முன் தவில்காரர் விரலில் கூடு மாட்டுவது நினைவுக்கு வந்தது.

மூன்று மேளங்கள். சின்னது கிந்தோ, நடுவில் உள்ளது கொங்கா, பெரியது தும்பா. உயரம் எல்லாம் ஏறக்குறைய 30 அங்குலம்தான், வாயும் வயிறும்தான் மாறும். கியூபாவில் பொதுவாக தும்பதோரா என்பார்கள். கொங்கா என்ற பெயர் உலகம் பூராவும் பரவியது பிற்பாடு.

பிராங்க்ஸ்காரர் ஒரு மேளத்தை மட்டும் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு அடிகளைக் காட்டினார். விரல்களைச் சேர்த்து விளிம்பில் அடித்துக் கையை உடனே எடுத்தால் கணீரென்று நிற்கும் ஓப்பன் டோன். உள்ளங்கை நடுவில் விழுந்தால் அடிவயிற்றில் கேட்கும் பேஸ். அதை அடிக்கும்போது முழங்கால்களால் மேளத்தைத் தரையிலிருந்து லேசாகத் தூக்கிக்கொண்டார், சத்தம் கீழ்வாய் வழியாக வெளியே போவதற்காக. விரல் நுனிகளைத் தோலில் சுண்டி விட்டால் வெடிக்கிற ஸ்லாப். அப்புறம் இடது கை. குதிகால்-நுனி, குதிகால்-நுனி என்று ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும், சத்தமே பெரிதாகக் கேட்காது. ஆனால் அது நின்றால் எல்லாம் நின்றுவிடும்.

இதையெல்லாம் எட்டு அடிகளில் கோத்தால் தும்பாவ். இடது கையின் ஊஞ்சலுக்கு நடுவே மூன்றாவது இடத்தில் வலது கையின் ஸ்லாப், கடைசி இரண்டு இடங்களில் ஓப்பன் டோன். சல்சா முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது. ஆட்டக்காரரின் ஒரு எண்ணுக்கு மேளத்தில் இரண்டு அடி, அதனால் அவர் கணக்கில் அந்த ஸ்லாப் விழுவது சரியாக இரண்டில். "இரண்டை நீ தேட வேண்டாம், நான் கொடுக்கிறேன்" என்றார் அவர். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஸ்லாப் வந்தது, கால் தானாகப் போனது. ஒரு மணி நேரமாக எண்ணியும் வராதது நான்கு சுற்றில் வந்துவிட்டது.

பெரியவர் கிளாவே குச்சிகளைத் தட்டினார். ஐந்தே தட்டு. கேட்டவுடன் என் விரல்கள் தொடையில் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டன: 3, 3, 4, 2, 4. கூட்டினால் 16. தகிட தகிட தகதிமி தக தகதிமி. மெல்லத்தான் சொன்னேன், அவருக்குக் கேட்டுவிட்டது. திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். குச்சியைத் தட்டிக்கொண்டே இன்னும் இரண்டு முறை சொல்ல வைத்தார். இந்த நாட்டுக்கு வந்து மூன்று மாதத்தில், எனக்குத் தெரிந்த ஒன்றை இன்னொருவர் கேட்டு வாங்கிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

வாசிப்பதற்கு முன் அவர் தன் முன்னோர்களின் பெயர்களைச் சொன்னார், நம் வித்வான்கள் குரு பெயரைச் சொல்வது போல. 1947-ல் டிஸ்ஸி கில்லெஸ்பியின் ஜாஸ் குழுவில் கொங்கா வாசித்து, மறு வருடமே ஹார்லெமில் 33 வயதில் சுட்டுக் கொல்லப்பட்ட சானோ போசோ. ஒரே ஆளாகப் பல கொங்காக்களை வைத்து மெட்டே வாசித்துக் காட்டிய காந்திதோ காமெரோ. மோங்கோ சாந்தமரியா. பத்தாத்தோ வால்தேஸ். பிறகு இருவரும் சேர்ந்து குவாகுவான்கோ என்ற கியூப ரும்பா வகையை வாசித்தார்கள். தடித்த மேளங்கள் இரண்டும் தங்களுக்குள் பேசிக்கொண்டே போக, கிந்தோ மட்டும் ஆடுகிறவரைப் பார்த்து வாசிக்கிறது. என் கீழ்வீட்டு அம்மா எழுந்து ஆடினார். அவர் தோளைக் குலுக்கினால் கிந்தோ அதற்குப் பதில் சொல்கிறது, அவர் நின்றால் காத்திருக்கிறது. முழங்கால் வலி என்று படியேறவே தயங்குகிற அம்மா அவர். பெரியவர் பார்வை அவர் காலை விட்டு நகரவே இல்லை.

இடைவேளையில் காப்பி குடிக்கும்போது அந்த நட்டுகளைப் பற்றிப் பெரியவரிடம் கேட்டேன். இதெல்லாம் பின்னால் வந்தது என்றார். அவர் சின்னப் பையனாக இருந்தபோது பேட்டையில் இருந்த மேளங்களில் தோலை ஆணி வைத்து அடித்திருப்பார்கள், திருக எதுவும் கிடையாது. மழைக்காற்றில் தோல் தொய்ந்துபோனால் செய்தித்தாளைக் கொளுத்தி, அந்தச் சூட்டில் மேளத்தைக் காட்டிச் சுருதி ஏற்றுவார்களாம். பற்றிக்கொள்ளாமல் கையைத் திருப்பித் திருப்பிக் காட்டும் விதத்தை எழுந்து நின்று செய்து காட்டினார்.

அந்தக் கை அசைவை நான் பார்த்திருக்கிறேன். மன்னார்குடிப் பக்கத்தில் எங்கள் கிராமத்தில், சாவு விழுந்த வீட்டுக்குப் பறையடிக்க வருகிறவர்கள் தெருக்கோடியில் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சுவார்கள். அதே மாதிரித்தான் திருப்புவார்கள், அதே மாதிரித்தான் ஒரு விரலால் தட்டிப் பார்ப்பார்கள். நான் திண்ணையிலிருந்து எட்டிப் பார்த்தால் பாட்டி, "அங்க என்ன வேடிக்கை, உள்ள வா" என்று இழுத்துக்கொண்டு போய்விடுவாள். எங்கள் தெருவுக்குள் அவர்கள் தண்ணீர் வாங்கிக் குடித்து நான் பார்த்ததில்லை.

கொங்காவுக்கும் அப்படி ஒரு கதை உண்டு. கியூபாவின் கரும்புத் தோட்டங்களுக்கு அடிமைகளாகப் பிடித்து வரப்பட்ட கொங்கோ மக்களின் மேளங்களிலிருந்து உருவானது அது. அதை அடிப்பவர்களைக் கீழாகத்தான் பார்த்தார்கள். 1925-ல் சான்டியாகோ நகர மேயர் தெருக்களில் கொங்கா ஊர்வலத்தையே தடை செய்தார். அந்த மேயரின் மகன் தேசி ஆர்னாஸ்தான் பிற்பாடு அமெரிக்காவில் கொங்காவைத் தோளில் மாட்டிக்கொண்டு அடித்துப் பேர் வாங்கியவர். பெரியவர் இதைச் சொல்லும்போது குரல் உயரவில்லை. தன் அப்பா காலத்தில் மேளத்தைச் சாக்கில் சுற்றி எடுத்துப் போவார்கள் என்று மட்டும் சொன்னார்.

பிறகு, "வா, அடி" என்று என்னை உட்கார வைத்தார். மோதிரத்தையும் வளையலையும் கழற்றச் சொன்னார். தோலுக்கும் கெடுதல், விரலுக்கும் கெடுதல். தோல் நான் நினைத்ததைவிடத் தடிமனாக, லேசான சொரசொரப்போடு, நடுவில் பல வருடக் கைபட்டு வழவழவென்று இருந்தது. முதல் ஓப்பன் டோன் சரியாக வர இருபது அடியாவது ஆகியிருக்கும். வந்தபோது அந்த அதிர்வு முழங்கால் வழியாகத் தரைக்கு இறங்கியதை உணர்ந்தேன். வாழ்க்கையில் ஒரு மேளத்தோலின் மேல் என் கை பட்டது அப்போதுதான். முப்பத்தொரு வயதில், ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்த பிறகு.

திரும்பும்போது ரயிலில் உள்ளங்கை சிவந்து வீங்கியிருந்தது. மோதிரம் ஏறவில்லை. கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். கீழ்வீட்டு அம்மா என் கையைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலை தம்பியைக் கூப்பிட்டேன். ஊரில் இன்னும் பறை காய்ச்சுகிறார்களா என்று கேட்டேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"இப்பல்லாம் பைபர் தோல்க்கா. நெருப்பு எதுக்கு? ஆனா மன்னார்குடியில வகுப்பே நடக்குது, பொண்ணுங்கல்லாம் கத்துக்குறாங்க."

"தோல் பறை வச்சிருக்கவங்க யாராவது இருக்காங்களா, விசாரி" என்றேன்.

ஜூலையில் ஊருக்கு டிக்கெட் போட்டிருக்கிறோம். அதுவரை சனிக்கிழமைதோறும் 6-ம் நம்பர் ரயில்தான். இடது கையின் ஊஞ்சல் இன்னும் சீராக வரவில்லை. வீட்டில் அரிசி டின் மேல் பழகிக்கொண்டிருக்கிறேன்.